மூவேந்தர் மெய்க்கீர்த்தி

மகாராஜராஜஸ்ரீ யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூவேந்தர் சமூகத்துக்கு, கடல்கடந்த தமிழ்நாட்டிலிருந்து ஓர் எளிய பாட்டுக்கேட்பவன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்து எழுதிக்கொள்ளும் வாழ்த்து விண்ணப்பம்.

தமிழ் நிலத்துக்கு மூவேந்தர் வாய்த்தார்கள். உலகத்துப் பதிவிசைக்கும் மூவர்தாம் வாய்த்திருக்கிறீர்கள். சேரனுக்கு மிளகு, பாண்டியனுக்கு முத்து, சோழனுக்கு நெல். மிளகுக்கு மலை வேண்டும், நெல்லுக்கு மழை வேண்டும், முத்துக்கு மூச்சடக்கி மூழ்க ஆள் வேண்டும். தேவரீர் கண்டெடுத்த செல்வத்துக்கு இந்தத் தொல்லைகள் ஒன்றுமில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களை இழித்துரைக்க வெள்ளையர் வழங்கிவந்த ஆறெழுத்துச் சொல் ஒன்றே போதுமாயிற்று. அச்சொல்லை அடியேன் இங்கே எழுதப்போவதில்லை. பிறர் பெட்டகத்தில் இருக்கும் விலையுயர்ந்த சரக்கைச் சும்மா எடுத்துக் கையாளலாகாது என்ற ஒழுக்கத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் நீங்களல்லவா?

அதியமானுக்காகத் தூது போன ஔவை, நெய் பூசி மாலை சூட்டி அடுக்கிவைத்த தொண்டைமானின் படைக்கலங்களைக் கண்டு வாயார வியந்தாராம். தேவரீர் கொட்டிலைப் பார்த்துவிட்டு வந்த அடியேனும் அவ்வண்ணமே வியக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் வியக்க வேண்டியது உங்கள் சிக்கனத்தை. ஒரு சரக்கை உண்டாக்க மூலப்பொருளும் கூலியும் காலமும் செலவாகும். இந்தச் சரக்குக்கு மூன்றையும் மற்றவர்களே செலுத்திவிட்டார்கள். 1619இல் வர்ஜீனியாக் கரையில் ஆப்பிரிக்கர்கள் இறக்கி விற்கப்பட்டார்கள். அந்த வியாபாரம் தழைக்கத் தழைக்க, ஏலமேடையிலும் பருத்திக்காட்டிலும் பின்னாளில் தூக்குமரத்தடியிலும் அச்சொல் பதமாகக் காய்ச்சப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வேலை. அடிபட்டவர்களே அதை எடுத்து, அடுக்களையிலும் முடிதிருத்தகத்திலும் தெருமுனையிலும் ஒருவரை ஒருவர் அழைத்து அழைத்து, கடைசி எழுத்துகளை உதிர்த்து அகரத்தில் முடித்து, மச்சான், பங்காளி என்பதுபோல் ஒட்டி உறவாடும் விளியாக்கிக்கொண்டார்கள். எல்லோரும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன் பாட்டனின் முகத்தில் காறித் துப்பிய சொல்லைத் தன் வீட்டுத் திண்ணையில் கேட்க மாட்டேன் என்றவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது அவர்கள் குடும்பத்து வழக்கு. அந்த வழக்கு முடிவதற்குள், சொத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்ட சமயோசிதம் மூவேந்தர்க்கே உரியது.

பாரம்பரியமில்லாத திடீர்ப் பணக்காரர்கள் என்று உங்களை யாரும் ஏசிவிட முடியாது. வார்னர் வேந்தரின் குலமரபை எடுத்துப் பாருங்கள். 1896இல் எர்னெஸ்ட் ஹோகன் என்ற கறுப்பின மேடைக்கலைஞர், தம் மக்களைக் காட்டுவிலங்கோடு சேர்த்துப் பேசும் வேறொரு வசைச்சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். நியூயார்க்கில் விட்மார்க் பதிப்பகத்தார் அதை அச்சிட்டார்கள். இசைத்தாள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். அந்த மாதிரிப் பாடல்களுக்கென்றே ஒரு சந்தை பிறந்தது. ஹோகனுக்கும் பணம் வந்தது. ஆனால் தம் இனத்தவரை ஏளனம் செய்ய ஊரார் அந்த மெட்டையே பயன்படுத்தியதைக் கண்டு, ஏன் எழுதினோம் என்று பின்னாளில் அவர் வருந்தினார் என்பார்கள். விட்மார்க் பதிப்பகத்தை 1920களின் இறுதியில் வார்னர் சகோதரர்கள் விலைக்கு வாங்கினார்கள். வருத்தம் கலைஞரோடு மண்ணுக்குள் போயிற்று, பாட்டுப் பெட்டகம் வேந்தரோடு அரண்மனைக்குள் போயிற்று. எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் எத்தனை தெளிவு!

அந்தத் தெளிவு எழுபதுகளில் மேலும் ஒளிர்ந்தது. 1974இல் ரிச்சர்ட் பிரையர் என்னும் நகைச்சுவை மேதை, ஆறெழுத்துச் சொல்லையே தலைப்பில் தாங்கிய ஒரு ஒலித்தட்டை வெளியிட்டார். கிராமி விருது வந்தது. முதலில் வெளியிட்ட சிறு நிறுவனத்திடமிருந்து அந்தத் தட்டு வார்னர் குடைக்கீழ் வந்துசேர்ந்தது. 1976இல் அதே சொல் மறுபடியும் ஒரு தலைப்பில் ஏறியது, மறுபடியும் கிராமி. பிரையர் 1979இல் கென்யாவுக்குப் போனார். சுற்றிலும் கறுத்த மனிதர்களே நடமாடும் ஒரு நாட்டில் அந்தச் சொல்லுக்குரிய ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை என்று அவருக்கு உறைத்தது. இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். 1982இல் வெளிவந்த மேடைப்படத்தில் ஊரறிய அதைச் சொன்னார். ஒரு மனிதனின் மனம் மாறலாம். விற்பனைப் பட்டியல் மாறலாமா? தலைப்பு அப்படியே நிற்க, தட்டுகள் தொடர்ந்து விற்றன. சொன்னவனே திரும்பப் பெற விரும்பிய சொல்லையும் அவனுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கும் இந்த விசுவாசம் இக்காலத்தில் எங்கே கிடைக்கும்?

யூனிவர்சல் வேந்தரின் வீரத்தைச் சொல்லாவிட்டால் அடியேன் நாக்கு அழுகிப்போகும். 1988இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காம்ப்டன் நகரத்து இளைஞர்கள், அச்சொல்லின் முதல் எழுத்தைத் தங்கள் குழுப்பெயரின் முதல் எழுத்தாக வைத்து, போலீஸ் அடியையும் தெருவின் கோபத்தையும் பாட்டாக்கினார்கள். 1989இல் எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்தே கண்டனக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், பல வரிகளை எழுதிய ஐஸ் கியூப் பணக்கணக்கில் முரண்பட்டு வெளியேறினார். 1991இல் இசையமைத்த டாக்டர் டிரேவும் விலகினார். கண்டனம் பாடியவர்களின் பாட்டுக்கு, பிளவும் அவர்களுக்கு. அந்தத் தட்டை விநியோகித்த பிரையாரிட்டி நிறுவனம் கைமாறிக் கைமாறி, 2012இல் ஈ.எம்.ஐ. சாம்ராஜ்யம் வீழ்ந்தபோது யூனிவர்சல் கொடிக்கீழ் வந்தது. ஒரு கல்லடிகூடப் படாமல் போர்க்களத்தின் கொள்ளை முழுவதையும் அடைந்த வேந்தரைப் புறநானூற்றில் தேடினாலும் காண முடியாது.

ஒப்பந்தக்கலையில் மூவர்க்கும் நிகர் மூவரே. ஒரு சேரிப் பையன் அச்சொல்லோடு ஸ்டூடியோவுக்குள் வருகிறான். கையில் அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். அது கொடை என்று அவன் நினைக்கிறான். ஒலிப்பதிவுச் செலவு, வீடியோச் செலவு, விளம்பரத்தில் ஒரு பகுதி என்று அவன் ராயல்டியிலிருந்தே அது கழிகிறது. கழிந்து தீரும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை. தீர்ந்த பின்னும் மூலப்பதிவு அவனுடையதன்று. வீட்டுக்கடனை அடைத்தவனுக்கு வீடாவது மிஞ்சும். தேவரீர் கடனை அடைத்தவனுக்கு மிஞ்சுவது கடன் அடைந்தது என்ற நிம்மதி மட்டுமே. தொண்ணூறுகளில் பிரின்ஸ் என்னும் பெருங்கலைஞர், வார்னர் நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறில், அடிமை என்ற சொல்லைக் கன்னத்தில் எழுதிக்கொண்டு மேடையேறினார். அத்தனை ஆண்டுக்கால வரலாற்றை ஒரு கன்னத்தளவுக்குச் சுருக்கிக் காட்டிய புலமைக்குத் தூண்டுகோலாக இருந்த பெருமையும் உங்களையே சேரும். இதையெல்லாம் யாராவது கேட்டால், கலைஞனின் சுதந்திரத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்கிறீர்கள். அந்தச் சொல்லை உச்சரிக்கும் சுதந்திரம் முழுவதும் அவனுக்கு. உச்சரித்ததன் உரிமை முழுவதும் உங்களுக்கு. பாகப்பிரிவினை என்றால் இதுவன்றோ!

சரக்கை ஒருமுறை விற்பவன் வியாபாரி, இருமுறை விற்பவன் வேந்தன். 1985இல் அமெரிக்க செனட்டில் பாட்டுவரிகளை எதிர்த்துப் பெற்றோர் சார்பில் முறையீடு எழுந்தது. 1990 முதல் ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளை எச்சரிக்கை வில்லை உறைகளில் ஒட்டப்பட்டது. வால்மார்ட் போன்ற கடைகள் வில்லை ஒட்டிய தட்டுகளை வாங்க மறுத்தன. தேவரீர் கலங்கவில்லை. அச்சொல் வரும் இடங்களில் ஓசையை வெட்டி, சுத்தப் பதிப்பு என்று இன்னொன்றைக் கொண்டுவந்தீர்கள். சொல்லுக்கு ஒரு விலை, சொல் இருந்த பள்ளத்துக்கும் ஒரு விலை. வேண்டாதவர்களுக்குத் தடுப்பாக வந்த வில்லையோ, வேண்டுகிற விடலைகளுக்கு முத்திரையாகிவிட்டது.

உங்கள் நீதிபரிபாலனம் மனுநீதிச் சோழனையும் நாணவைக்கும். 2018 மே மாதம் அலபாமா கடற்கரையில் கென்ட்ரிக் லாமர் கச்சேரி. ஒரு வெள்ளை ரசிகையை மேடைக்கு அழைத்துப் பாடச் சொன்னார்கள். வரியில் இருந்ததை அப்படியே பாடினாள். கூட்டம் ஓலமிட்டது, பாட்டு நின்றது. அவள் பாடியிருக்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டு அவளைப் போன்றவர்களின் ஊரெல்லாம், காரெல்லாம், செவியெல்லாம் இரவு பகலாக, எந்த நிபந்தனையும் இல்லாமல், யூனிவர்சல் வேந்தர் முத்திரையோடு போய்ச் சேர்ந்திருந்தது. வாங்கியவள் குற்றவாளி, எழுதியவன் சங்கடத்தில், விற்றவர் பெயர் அந்த வாரம் எந்தத் தலைப்புச் செய்தியிலும் இல்லை. அடுத்த மாதமே அண்டைநாட்டு அரசர் நெட்ஃப்ளிக்ஸ், நகைச்சுவையில் எந்தச் சொற்கள் புண்படுத்தும் என்ற ஆலோசனைக் கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன தம் செய்தித்தொடர்புத் தலைவரைப் பதவிநீக்கம் செய்தார். அவர் நீங்கத்தான் வேண்டியிருந்தது என்பவர்களோடு அடியேனுக்கு வழக்கில்லை. கூட்ட அறையில் சம்பளத்துக்குச் சொன்னால் பதவி போகும், திரையில் சந்தாவுக்குச் சொன்னால் பங்குவிலை ஏறும் என்ற நுட்பமான தர்மசாஸ்திரத்தைத்தான் வணங்குகிறேன்.

இத்தகைய செல்வத்தைப் புதைத்துவிடப் பார்த்தவர்களும் உண்டு. 2007 ஜூலையில் டெட்ராய்ட் நகரில், கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., அச்சொல்லுக்கு இறுதிச்சடங்கே நடத்தியது. பைன் மரப்பெட்டி, கறுப்பு ரோஜாக்கள், பெட்டியை இழுக்க இரண்டு குதிரைகள். பாவம், மூலப்பதிவை வைத்திருப்பவரின் கையெழுத்தில்லாமல் ஒரு சொல்லைப் புதைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டே யூனிவர்சல் குடைக்கீழிருந்த நாஸ் என்ற பாடகர் அதையே தம் அடுத்த தட்டுக்குத் தலைப்பாக வைப்பேன் என்றார். அன்று புரூக்ளினின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஹக்கீம் ஜெஃப்ரீஸ், நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதி யூனிவர்சலிலும் அதன் அப்போதைய தாய்நிறுவனம் விவெண்டியிலும் போட்டிருந்த 8.4 கோடி டாலரை எடுத்துவிட வேண்டும் என்று குரல் கொடுத்தார். 2008 ஜூலையில் தட்டு தலைப்பில்லாமலே வந்தது. உறையில் இல்லாத சொல் உள்ளே பாட்டுகளில் பத்திரமாக இருந்தது. நானூறு ஆண்டு அழுகையால் எட்ட முடியாத செவியும் கோடிக்கணக்கில் பேசினால் உடனே எட்டும் என்று உலகுக்குக் காட்டினீர்கள். எளியோரும் அணுகத்தக்க வாயில் உங்களுடையது. எளியோர் கையில் எட்டுக் கோடி டாலர் இருந்தால் போதும்.

2020ஐ எப்படிப் பாடுவேன்? ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையால் கொல்லப்பட்டு ஒரு வாரம். ஜூன் 2ஆம் தேதி இசைத்தொழில் முழுவதும் ஒருநாள் துக்கம் காத்தது. வார்னர் வேந்தர் அன்றைக்குச் செய்யவிருந்த பங்குவிலை நிர்ணயத்தையே ஒத்திவைத்தார். என்ன மனக்கட்டுப்பாடு! மறுநாள் ஜூன் 3, துக்கம் கழிந்தது. நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 25 டாலர் வீதம் 7.7 கோடிப் பங்குகள் விற்று, ஏறக்குறைய 193 கோடி டாலர், ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களிடம் சேர்ந்தது. அதே நாளில் இன நீதிக்காகப் பத்துக் கோடி டாலர் நிதியும் அறிவிக்கப்பட்டது. வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள் பெரியோர். தேவரீர் கொடுத்ததும் வாங்கியதும் ஒரே நாளில் உலகத்துக்கே தெரிந்தது. சோனி வேந்தர் பத்துக் கோடி என்றார், யூனிவர்சல் வேந்தர் இரண்டரைக் கோடி என்றார். அதே வாரத்தில் யூனிவர்சலின் ரிபப்ளிக் நிறுவனம் இன்னொரு புரட்சியும் செய்தது. கறுப்பின இசைக்குத் துறைப்பெயராக இருந்த, நகர்ப்புறம் என்று பொருள்படும் "அர்பன்" என்ற சொல் காலங்கடந்துவிட்டது என்று கண்டு, அதைத் தங்கள் ஏடுகளிலிருந்து அடியோடு நீக்கியது. அந்த ஆறெழுத்துச் சொல் பெட்டகத்தில் அப்படியே இருந்தது. அர்பனில் வருமானம் இல்லையே.

எட்டே மாதம். 2021 பிப்ரவரியில் மார்கன் வாலன் என்னும் வெள்ளைக் கன்ட்ரி இசைப் பாடகர் நண்பரைக் குறித்து அச்சொல்லைக் கத்திய காணொளி வெளியானது. அவரது பிக் லவுட் நிறுவனம் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. கூட்டாளியான அந்த ரிபப்ளிக் நிறுவனமும் அதற்கு ஆதரவு சொன்னது. வானொலிகள் பாட்டை எடுத்தன. கடைகள் எடுக்கவில்லை. விற்பனை பீறிட்டது. ஏற்கெனவே பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அவரது தட்டு, மொத்தம் பத்து வாரம் தொடர்ந்து அங்கேயே நின்று, அந்த ஆண்டு அமெரிக்காவின் முதன்மையான ஆல்பமாயிற்று. கறுத்த வாய் அன்பாகச் சொன்னாலும் லாபம், வெள்ளை வாய் வெறியாகச் சொன்னாலும் லாபம். ஜாதி, மதம், நிறம் பாராத சமத்துவத்தைச் சித்தர்கள் பாடினார்கள். சாதித்துக் காட்டியவர்கள் நீங்கள்.

சட்டமும் தேவரீர் போன்றோர்க்கே சாமரம் வீசுகிறது. ஆசிய அமெரிக்கர்களின் கண்ணைக் கேலி செய்யும் சொல்லைத் தன் பெயராக எடுத்துக்கொண்ட தி ஸ்லான்ட்ஸ் என்ற சிறு ராக் குழுவின் சைமன் டாம், வணிகக்குறி வேண்டி ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். இழிவுபடுத்தும் பெயர்களைப் பதியலாகாது என்ற 1946ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை 2017 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று நீக்கியது. காயம்பட்டவர்கள் தங்கள் காயத்துக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளக் கேட்ட கதவு அது. திறந்தவுடன் முதலில் நுழைந்தது வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணி. பழங்குடியினரைத் தோல்நிறத்தால் ஏசும் பெயரை அந்த மக்கள் எதிர்த்தும் விடாத செல்வந்த அணி, பறிபோன வணிகக்குறியை அந்தத் தீர்ப்பின் நிழலில் காப்பாற்றிக்கொண்டது. 2020இல் ஃபெட்எக்ஸ், நைக்கி, பெப்சி முதலான விளம்பரதாரர்கள் முகம் சுளித்த பிறகுதான் பெயரைக் கைவிட்டது. சிறுவன் உடைத்த தேங்காயைப் பெரியவர் பொறுக்கிக்கொள்ளும் இந்த மரபு தேவரீர் துறைக்கு மட்டும் உரியதன்று என்பதைக் குறித்துவைக்கவே இதைச் சொன்னேன்.

இனி அடியேன் விண்ணப்பம். அச்சொல்லை மீட்டவர்கள் விரும்பியது ஒன்றே: அதன் நஞ்சு இறங்கவேண்டும். சொல்லிச் சொல்லித் தேய்த்தால், தங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்திலாவது அது கொட்டாமல் போகும் என்று எண்ணினார்கள். அவர்கள் எண்ணம் பலித்தால் தேவரீர் கதி என்ன? கொட்டாத சொல்லுக்கு எச்சரிக்கை வில்லை எதற்கு? எச்சரிக்கை இல்லாத உறையை எந்தப் பையன் திருட்டுத்தனமாக வாங்குவான்? எவருக்கும் வலிக்காத சொல்லில் துணிச்சல் ஏது, பரபரப்பு ஏது? 2021 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தையில் யூனிவர்சல் வேந்தர் முடிசூடிய முதல்நாளே 4,500 கோடி யூரோவைத் தாண்டி மதிப்பிட்டார்களே, அந்த மதிப்புக்குள் எத்தனையோ பாட்டுகளின் கூர்மை இருக்கிறது. கூர் மழுங்கினால் கணக்கு இளைக்கும்.

ஆதலால் மூவேந்தரே, உங்கள் பொருட்டு அடியேன் வேண்டிக்கொள்கிறேன். அச்சொல்லின் நஞ்சு ஒருநாளும் இறங்காதிருக்கட்டும். பள்ளி மைதானத்தில் ஒரு கறுப்பினச் சிறுமியின் முதுகுக்குப் பின்னால் அது கேட்கும்போதெல்லாம் அவள் உடம்பு முன்போலவே குறுகட்டும். போலீஸ் வண்டி நிற்கும்போது ஒரு தகப்பன் கை முன்போலவே நடுங்கட்டும். அந்த நடுக்கத்தைப் பாட்டாக்க இன்னொரு பையன் அட்வான்ஸ் வாங்க வரட்டும். அவன் ராயல்டி கழிந்துகொண்டே இருக்கட்டும். அவர்கள் புண் ஆறாத வரைக்கும் உங்கள் பெட்டகம் குறையாது. அவர்கள் புண்ணும் நீங்களும் சேர்ந்தே நீடூழி வாழ்க, பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு.